அசையாச் சொத்து

மனிதகுலத்துக்கு ஒரு நற்செய்தி. மூப்பு ஒழிந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் ஒழிந்தது. அதற்கு முன்பே கிழடுதட்டிப் போனவர்களுக்கு நிலையம் பொறுப்பேற்காது.

மூளை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் கையொப்பமிட்டு, ஊதா மையில் முத்திரை குத்தி, கழிவறைக் கதவு உட்பட ஒன்பது இடங்களில் ஒட்டச் சொன்ன சுற்றறிக்கையின் சாரம் இதுதான். மூளைக்குள் ஆயுள் முழுக்கச் சம்பளம் வாங்காமல் ரோந்து சுற்றும் சில எதிர்ப்பணுக்கள் உண்டு. கிருமி வந்தால் விழுங்கும், செத்தது கிடந்தால் விழுங்கும், குப்பை சேர்ந்தால் விழுங்கும். வயதாக வயதாக அவையும் நம்மைப் போலவே சோம்பிப்போக, குப்பை மண்டி, மறதி வருகிறது. இயக்குநரின் ஊசிமருந்து அவற்றைத் தட்டி எழுப்பிவிட்டது. ஆகவே, இதுநாள்வரை ஆய்வுக்கூடத்தில் ‘தின்னிகள்’ என்று கொச்சையாக வழங்கப்பட்டுவந்த மேற்படி அணுக்களை இனி ‘காவலர்கள்’ என்றே குறிப்பிட வேண்டும், மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை பாயும் என்று அறிக்கை முடிந்திருந்தது. நடுவில் நான்கு ஒற்றுப்பிழைகள்.

அன்று காலை கீழ்த்தளத்தில், மூளை சீவும் அறையில் நடந்ததற்கு யாரும் அறிக்கை ஒட்டவில்லை. அது மிகச் சின்ன விஷயம். துண்டு சீவ வரவில்லை.

எல்லோரும் சீவலம்மா என்று கூப்பிடும் அந்தப் பெண், இருபத்திரண்டு வருடமாக அதே முக்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள். உறையவைத்த மூளைத் துண்டைக் குளிர்பெட்டிக்குள் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால், துண்டு கத்திமேல் இறங்கி ஏறும்; ஒவ்வொரு இறக்கத்துக்கும் வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு சீவல், சரக் என்ற மிகச் சிறிய ஓசையோடு வந்து படுக்கும். அதைத் தூரிகை நுனியால் நீவி, கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுப்பாள். எத்தனையோ மூளைகளைச் சீவியாயிற்று. அவற்றில் மேதைகளுடையதும் இருந்திருக்கும், வடிகட்டின முட்டாள்களுடையதும் இருந்திருக்கும்; கத்திக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

இன்றைக்குச் சரக் என்று கேட்கவில்லை. வழுக் என்றது.

துண்டு வெட்டுப்படாமல் கத்தியில் அப்பிக்கொண்டது. தண்ணீர் கல்லாகிவிடும் குளிரில் அது மட்டும் உறைய மறுத்து, வெயிலில் மறந்துவைத்த வெண்ணெய் மாதிரி மஞ்சளாய், நுரைநுரையாய் விளிம்பில் வழிந்து நின்றது. துடைத்தாள். காகிதத்தில் எண்ணெய்க்கறை மெதுவாகப் படர்ந்தது. குளிர்பெட்டிக்குள் வாடை என்று எதுவும் இருக்காது, குளிர் எல்லா நாற்றத்தையும் கட்டிப்போட்டுவிடும். ஆனால் அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது, பல மாதமாகக் கழுவாத சீப்பின் பல்லிடுக்கிலிருந்து வருமே, தலை எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து ஊறிய ஒரு வாடை, அது மூக்குக்குள் ஏறித் தொண்டையின் பின்புறத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு எச்சிலை விழுங்கப் பிடிக்கவில்லை.

பக்கத்து மேசையில் தகடுகளுக்குச் சாயம் ஏற்றுகிறவர் தலையைத் தூக்கினார். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது என்பதால் யாருக்கும் பயப்படாத மனிதர்.

“என்னம்மா, முகம் சுளிக்கிறீங்க? சுற்றறிக்கைய இப்பதான் படிச்சீங்களா?”

“சாயக்காரரே, இந்தத் துண்டு யாரோடது?”

“பதினேழாம் நம்பர். ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல முதல்ல போன ஆளு. மூணு ஊசி முடிஞ்சிருந்துச்சு.”

“எதுல போனாரு?”

“தலையணைல.”

“தூக்கத்துலயா?”

“இல்லம்மா. தலையணையத் தின்னிருக்காரு. பஞ்சு தொண்டைல அடைச்சிருச்சு.” அவர் சாயக் குப்பியைக் குலுக்கினார். “அறிக்கைல சுவாசத் தடைன்னு மரியாதையா எழுதியிருக்காங்க.”

அவள் கத்தியை மூன்று முறை மாற்றி, குளிரை இன்னும் இறக்கி, எப்படியோ நாலு சீவல் எடுத்தாள். சாயக்காரர் சாயம் ஏற்றிக் கொடுத்தார். பதினொன்றரை மணிக்கு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

ஒழுங்கான தின்னி (காவலர் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை) ஒரு சின்னப் புள்ளி. அதைச் சுற்றி மெலிந்து நீண்ட கைகள். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டுப் பேசிக்கொள்ளும் சந்துகளை அந்தக் கைகள் மணிக்கொருதரம் போய்த் தடவிப் பார்க்கும். பேச்சு நடக்கிறதென்றால் விட்டுவிடும். ஓய்ந்து கிடக்கிறதென்றால், கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, உருண்டு, வாயாகிவிடும். வாய் என்று தனியாக ஒன்றும் கிடையாது. மொத்த உடம்பும் வாய்தான்.

தகட்டில் கைகளே இல்லை.

உருண்டைகள். ஒன்றன்மேல் ஒன்று முண்டியடித்துக்கொண்டு, கொழுப்பு தின்று நுரைத்து, தோல் வெடிக்கிற மாதிரி உப்பிய உருண்டைகள். சோப்புத் தண்ணீரில் ஊதிய குமிழிகள் மாதிரி, கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் மேலே பொங்குமே அந்த நுரை மாதிரி. குப்பை ஒரு துணுக்கும் இல்லை. உண்மைதான், சுத்தமோ சுத்தம். நரம்பணுவும் இல்லை. தகட்டை இடமும் வலமும் நகர்த்தித் தேடியதில் ஓரத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தது. வாலறுந்து கிடந்தது. ஆறு உருண்டைகள் அதன்மேல் சாய்ந்திருந்தன. செத்து, உறைந்து, சாயம் பூசி, கண்ணாடிக்கு நடுவில் நசுங்கிய பிறகும் அவற்றின் சாய்வில் ஓர் அவசரம் இருந்தது.

அவள் படிவத்தை எடுத்தாள். நான்கு கட்டங்கள்: தேதி, மாதிரி எண், குப்பை, காவலர். குப்பை: பூஜ்யம். காவலர்: எண்ண முடியவில்லை. நரம்பணுவுக்குக் கட்டம் கிடையாது.

கட்டம் இல்லை என்பது அவளுக்குப் புதிதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எலி மூளைகளைச் சீவியபோதே இந்த நுரையைப் பார்த்திருக்கிறாள். மாடிக்குப் போய் இயக்குநரிடம் கேட்டும் இருக்கிறாள்: “சார், நரம்பணுவும் கம்மியா இருக்கே, அத எந்தக் கட்டத்துல எழுதறது?” அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு சொன்னார்: “கட்டத்துல எழுதினா அறிவியல். கட்டத்துக்கு வெளிய எழுதினா கிறுக்கல்.” அவள் கீழே இறங்கிவந்து பூஜ்யம் மட்டும் போட்டாள். அந்தப் பூஜ்யத்தைத்தான் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்தப் பூஜ்யத்தைக் காட்டித்தான் மனிதர்களுக்குப் போட அனுமதி வாங்கினார்கள். ஊழியர் குடும்பத்துக்கு முன்னுரிமை என்று அறிவித்தபோது, விண்ணப்பத்தை வாங்கி, தன் முத்து முத்தான கையெழுத்தில் அக்காவின் விவரங்களை நிரப்பிக்கொடுத்தவளும் அவளேதான். எலிக்குத்தானே, மனிதர்களுக்கு அப்படி ஆகாது என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொந்தப் பொய்யை நம்ப இரண்டாம் சாட்சி தேவைப்படுவதில்லை.

அக்காவுக்கு மூன்றாவது ஊசி போட்டுப் பத்தொன்பது நாள் ஆகிறது. நாலாவது ஊசி நாளைக்கு.

அக்கா அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தியவள். சிவப்புப் பேனாவும் நீள நாக்கும் உள்ளவள். வல்லினம் மிகாத இடத்தில் யாராவது ஒற்றுப் போட்டுவிட்டால், “இந்தாளு சட்டைக்குள்ள சட்டை போடறவன்” என்பாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குச் சொற்கள் நழுவ ஆரம்பித்தன. கத்தரிக்கோலைக் கேட்க வந்து, இரண்டு விரலை வெட்டுவது போல் ஆட்டிக்கொண்டு நிற்பாள். கண்ணில் நீர் முட்டும். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒருவரைவிட்டால் ஒருவருக்கு வேறு நாதி கிடையாது. ஊசி என்றதும் தங்கை பாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

முதல் ஊசிக்குப் பிறகு அக்கா திரும்பிவந்தாள். கத்தரிக்கோல் கத்தரிக்கோலாயிற்று. இரண்டாவது ஊசிக்குப் பிறகு வீட்டுச் சாமான்களைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். விளக்குப் பொத்தான், குழாய், கோப்பை, செருப்பு, நாற்காலிக் கை, பூனை. ஒவ்வொன்றிலும் விரல்நுனியை வைத்து, கண்ணை மூடி, எதையோ கேட்பது போல் நின்று, அடுத்ததற்குப் போவாள். ஒரு சுற்று முடிந்தால் உட்கார்ந்துகொள்வாள். மணிக்கு ஒரு சுற்று. “என்னக்கா ரோந்தா?” என்று தங்கை கிண்டல்கூடச் செய்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு செய்தித்தாளில் ஓட்டைகள் விழுந்தன. எங்கெல்லாம் அதிகப்படியாக ஓர் ஒற்று இருந்ததோ அங்கெல்லாம், கடுகளவு, ஈர விளிம்போடு. மறுநாள் சொற்கள் போயின. அதற்கடுத்த நாள் தாளின் நடுப்பகுதி மொத்தமும் போய் ஓரச் சட்டம் மட்டும் மேசையில் கிடந்தது. அக்காவின் உதட்டோரத்தில் கறுப்பு மை. போன வாரம், பழைய கல்யாண வீட்டுக் குழுப்படம் ஒன்று சட்டத்திலிருந்து எடுத்துக் கீழே கிடந்தது. உடைகள் இருந்தன, மாலை இருந்தது, நாற்பது பேரின் கழுத்துகள் இருந்தன. முகங்கள் இருந்த இடத்தில் காகிதம் நக்கி நக்கிப் பஞ்சு பஞ்சாய் எழும்பி, கொழகொழவென்று வெள்ளையாய் நின்றது. தொட்டால் விரலில் ஒட்டியது.

“என்னக்கா பண்ணின?”

“அவங்கள யாரும் நினைக்கறதே இல்லையே குட்டி. சும்மா எதுக்கு இடத்த அடைச்சுக்கிட்டு.”

அக்கா சொன்ன தொனியில் பைத்தியம் இல்லை. மெய்ப்புத் திருத்துகிறவளின் பொறுப்பு இருந்தது. அதனால்தான் தங்கை அன்றைக்கு அதைப் பெரிதுபடுத்தவில்லை. படத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டி, கையைச் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவிக்கொண்டாள். மூன்று தரம் கழுவியும் விரலிடுக்கில் வழவழப்பு போகவில்லை.

இப்போது, முக்காலியில் உட்கார்ந்தபடி, அந்த வழவழப்பு எது என்று அவளுக்குத் தெரிந்தது.

படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். இயக்குநர் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. மறுநாள் பாராட்டுக் கூட்டத்துக்கான உரையை அவர் நிலைக்கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டலுக்கு இடைவெளி விட்டார். கண்ணாடி கைதட்டவில்லை; அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

“சார், பதினேழாம் நம்பர்ல நரம்பணுவே இல்ல சார்.”

“குப்பை?”

“குப்பையும் இல்ல.”

“பின்ன என்னம்மா. அதத்தானே உலகமே கேட்டுச்சு.”

“வீட்டைப் பெருக்கச் சொன்னா வீட்டையே பெருக்கித் தள்ளியிருக்கு சார். எங்க அக்காவுக்கு நாளைக்கு நாலாவது ஊசி. அத நிறுத்தணும்.”

இயக்குநர் அவளைப் பரிவோடு பார்த்தார். அவர் பரிவு அளவெடுத்துத் தைத்தது, எல்லோருக்கும் பொருந்தும். “நிறுத்திக்கோங்க. தாராளமா நிறுத்திக்கோங்க. நாலாவது ஊசில மருந்தே கிடையாது.”

“புரியல சார்.”

“அது வெறும் உப்புத்தண்ணி. புகைப்படக்காரங்க வர்றதுக்கு ஒரு ஊசி வேணும்ல? மூணுலயே வேலை முடிஞ்சுது. அவங்க முழிச்சாச்சு.”

“திரும்பத் தூங்க வைக்க?”

“காவல்காரன் தூங்கலாமாம்மா?” என்றார். சொன்ன வாக்கியம் பிடித்துப்போய், மேசையில் இருந்த உரையின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

அவள் படிவத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். சாயக்காரர் அவள் முகத்தைப் பார்த்து, கையைத் துடைத்துவிட்டு, அவளுடைய பையை எடுத்து நீட்டினார்.

“வீட்டுக்குப் போங்கம்மா. தகட்ட நான் பாத்துக்கறேன்.”

“போய் என்ன பண்றது?”

“தெரியல. ஆனா இங்க இருந்து என்ன பண்ணப் போறீங்க.”

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. நல்ல வெயில். குடியிருப்பின் படிக்கட்டில் யார் வீட்டிலோ தொலைக்காட்சி சிரித்துக்கொண்டிருந்தது. பேய்க்கதைக்கு எந்த ஒத்தாசையும் செய்யாத ஒரு மாலை. மூன்றாவது மாடியில் தன் கதவுக்கு முன்னால் நின்று சாவியை எடுத்தபோதுதான், கதவில் இருந்த சாவித்துளை மூடி இல்லை என்று கவனித்தாள். பல வருடமாகத் துருவேறி அசையாமல் நின்ற சின்னத் தகரம். அது இருந்த இடத்தில் மரம் ஈரமாக, பல் பதிந்து, வெளுத்திருந்தது.

உள்ளே நுழைந்தாள். சீப்பின் வாடை.

கூடத்துக்குச் சன்னல் வழியாக வெயில் தாராளமாக வந்து விழுந்திருந்தது. ஒளிவதற்கு நிழலே இல்லாத வெளிச்சத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. போன மாதம் நின்றுபோன சுவர்க்கடிகாரம் இல்லை; சுவரில் வெளிர் வட்டம், வட்டத்தின் நடுவில் ஆணி, ஆணியைச் சுற்றிப் பளபளவென்று எச்சில் வழிந்த தடம். சமையலறையில் ஓடுகிற கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. செருப்பு அலமாரியில் அவள் வீட்டுக்குள் தினமும் போடும் செருப்பு ஜோடி பத்திரமாக இருந்தது. விசேஷத்துக்கு என்று வைத்திருந்த ஜோடியின் வார்கள் போய், அடிப்பாகம் சப்பிய மாங்கொட்டை மாதிரி கிடந்தது. புத்தக அலமாரி காலி. சொட்டும் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. மின்விசிறி சுற்றியது. வீட்டில் அசைகிற சொத்தெல்லாம் அப்படியே இருந்தது. அசையாச் சொத்துதான் போயிருந்தது.

டக். டக். டக்.

விரல்நுனி மரத்தில் படும் ஓசை. படுக்கையறையிலிருந்து. ரோந்து.

திரும்பிப் போய்விடலாம். கதவு இன்னும் பின்னால் திறந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே இருப்பது அக்கா. விண்ணப்பத்தில் உள்ளது இவளுடைய கையெழுத்து. தங்கை காலணியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

அக்கா வந்தாள். காலையில் பார்த்ததைவிட உருண்டிருந்தாள். கழுத்து தோளுக்குள் அமிழ்ந்து, முழங்கைகள் விலாவோடு ஒட்டி, கால்கள் உடைக்குள் சுருங்கி, நடக்கிறாளா உருள்கிறாளா என்று சொல்ல முடியாத ஒரு நகர்வு. தோல் முழுக்க எண்ணெய்ப் பளபளப்பு. அதன் அடியில் சின்னச் சின்னதாக, கொப்புளமா நுரையா என்று தெரியாமல், மஞ்சள் குமிழிகள். முகம் மட்டும் அக்கா. சிரித்தாள்.

“சீக்கிரம் வந்துட்டியே குட்டி. வீட்டப் பாத்தியா? எவ்வளவு பிழை இருந்துச்சு தெரியுமா.”

“பூனை எங்கக்கா?”

அக்கா யோசித்தாள். உதட்டை நக்கிக்கொண்டாள். கீழ் உதட்டில் ஒட்டியிருந்த ஒரு நீளச் சாம்பல் மயிரை நாக்கு தேடிக் கண்டுபிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

“அது தூங்கிட்டே இருந்துச்சு.”

தங்கைக்கு வாய்க்குள் புளிப்பு ஏறியது. சுவரைப் பிடித்துக்கொண்டாள், சுவர் ஈரமாக இருந்தது, கையை எடுத்துக்கொண்டாள். பின்வாங்கியவள் அங்கே இருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தது தவறு. எழுவதற்குள் அக்கா வந்து அவள் மடியில் சாய்ந்தாள். பாரம். நனைந்த மெத்தையின் பாரம், வெதுவெதுப்போடு. மூச்சு முட்டியது. சிறுவயதில் காய்ச்சல் வந்தால் அக்கா இப்படித்தான் அணைத்துக்கொண்டு கிடப்பாள் என்ற நினைவு ஒன்று எழுந்து, அந்த வாடையில் தானே அருவருத்து அடங்கியது.

விரல்நுனி வந்தது.

தங்கையின் இடது கைச் சுண்டுவிரலைத் தொட்டு நின்றது. அக்கா கண்ணை மூடினாள். தங்கை மூச்சை அடக்கிக்கொண்டு உறைந்தாள். பயந்தால் உறைவது உடம்பின் வழக்கம், அது பழைய காலத்து மிருகத்துக்கு முன்னால் உதவியிருக்கும். ஒரு நொடி. அக்காவின் வாய் விரலை நோக்கி, எந்தக் கோபமும் இல்லாமல், திறக்கத் தொடங்கியது.

தங்கை விரலை ஆட்டினாள்.

வாய் மூடியது. “ம். வேலை செய்யுது.”

அடுத்த விரல். ஆட்டினாள். அடுத்தது. ஆட்டினாள். கைக்கெட்டாத காலணிக்குள் கால்விரல்களையும் முன்கூட்டியே ஆட்டினாள். கட்டைவிரல், மணிக்கட்டு, முழங்கை. ஒவ்வொன்றின் மேலும் விரல்நுனி நின்று, கேட்டு, நகர்ந்தது. போகிற இடமெல்லாம் நத்தை போன தடம். உதடு. “அக்கா, நான்தான், குட்டி” என்று பேசிக்காட்டினாள். “தெரியுமே” என்றாள் அக்கா, மிகப் பிரியமாக. கன்னம். பல்லைக் கடித்துக் கன்னத்தை அசைத்தாள். மூக்கு. துவாரத்தை விரித்தாள், வாடை மொத்தமாக உள்ளே போனது, வாந்தி தொண்டைவரை வந்து, அசைவுதானே அதுவும் என்று தோன்றியதும், கிட்டத்தட்ட ஆறுதலாக இருந்தது. இமை. சிமிட்டினாள். புருவம். உயர்த்தினாள்.

“நல்லா இருக்கு. நீ நல்ல பிரதி குட்டி. உன்கிட்ட பிழை கம்மி.”

தெருவில் யாரோ வண்டி மணி அடித்துக்கொண்டு போனார்கள். சமையலறைக் கடிகாரம் ஓடியது. குழாய் சொட்டியது. எல்லாம் அசைந்தது.

விரல்நுனி அவள் தலைமயிரை ஒதுக்கியது.

வலது காது. மடலின் அடிநுனியில், தோடு போடும் இடத்தில், வந்து நின்றது. கண் மூடியது. கேட்டது.

“அக்கா. அது கேக்கறதுக்கு. காது கேக்கறதுக்கு.”

“கேக்கறது உள்ள இருக்கறது.” மூச்சு காதுக்குள் இறங்கியது. சூடாக. சீப்பு வாடையாக. “இது சும்மா தொங்குது.”

அவள் புருவத்தை நெற்றிக்கு ஏற்றினாள். தாடையைப் பக்கவாட்டில் இழுத்தாள். உச்சந்தலைத் தோல் நகர்ந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தின் வலப்பக்கம் முழுவதும் துடித்தது. உடம்பில் இருந்த மொத்தப் பலத்தையும் ஒன்று திரட்டி அந்த ஒரு சின்னத் தோல் மடலுக்கு அனுப்பினாள்.

ஈரம்.

முதலில் நாக்கு. பிறகு வாய் முழுவதும். பல் இன்னும் படவில்லை. அவசரமே இல்லை.

பெரும்பாலான மனிதர்களால் காதை அசைக்க முடியாது.